முன்பா, பின்பா? அமெரிக்க இழுவை வீட்டின் நூறாண்டுக் கணக்கு

1929இல் டெட்ராய்ட் நகரத்து நுண்ணுயிரியலாளர் ஆர்தர் ஷெர்மன் குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்பினார். காரின் பின்னால், கடையில் வாங்கிய மடக்குக் கூடார டிரெய்லர் ஒன்று. சட்டென்று விரித்துவிடலாம் என்பது விளம்பரம். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கம்பியை மாட்டி, துணியை இழுத்துக் கட்டுவதற்குள் மனைவி, பிள்ளைகள், படுக்கை எல்லாம் தெப்பமாக நனைந்துவிட்டன. ஊர் திரும்பியதும் ஒரு தச்சரைப் பிடித்து, ஆறடி அகலம் ஒன்பதடி நீளத்தில் சுவரும் கூரையும் வைத்த ஒரு பெட்டியைச் செய்யச் சொன்னார். உள்ளே கட்டில், அலமாரி, சிறிய அடுப்பு. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். பிள்ளைகள் அதற்குக் ‘கவர்டு வேகன்’ என்று பெயர் வைத்தார்கள். முன்னோர் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தபோது ஓட்டிப்போன கூண்டு வண்டியின் பெயர் அது. 1930இல் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அந்தப் பெட்டியை வைத்தார். 1936 வாக்கில் அதே பெயரில் அவர் நடத்திய கம்பெனிதான் அமெரிக்காவிலேயே அதிகமாக டிரெய்லர் செய்து விற்றது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஷெர்மனின் தச்சர் அல்ல, விடுமுறை. டிரெய்லர் என்பது பென்ஷன்காரர்களின் வாகனம் என்று இன்று பலருக்கும் ஓர் எண்ணம் உண்டு. வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுவதா, ஓய்வு பெற்றபின் வாங்குவதா என்று அமெரிக்கத் தம்பதிகள் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருப்பதும் அந்த எண்ணத்திலிருந்து வந்ததுதான். ஆனால் இந்த வாகனம் பிறந்தபோது அப்படியொரு கேள்வியே எழ வழியில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பென்ஷன் என்ற ஒன்றே இல்லை. உழைக்க முடிந்தவரை உழைத்தார்கள். முடியாதபோது பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள், அல்லது யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஷெர்மனின் பயணத்துக்கும் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஃபுளோரிடாவில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. 1919இல் டாம்பா நகரின் டி சோட்டோ பூங்காவில் முகாமிட்டிருந்த கார்ப் பயணிகள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தகர டப்பா உணவும் தகரப் பெட்டியாகத் தெரிந்த ஃபோர்டு காரும்தான் சொத்து. காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்திருப்பது உறுப்பினருக்கு அடையாளம். அவர்களில் வடக்கு, மத்திய மாநிலங்களின் விவசாயிகளும் சிறு கடைக்காரர்களும் நிறைய. அறுவடை முடிந்ததும் தெற்கே வந்துவிடுவார்கள். பனி உருகியதும் திரும்பி உழப் போவார்கள். அவர்களுக்கு ஓய்வு என்பது வாழ்க்கையின் கடைசியில் வருவதல்ல, ஒவ்வொரு ஆண்டின் கடைசியிலும் வருவது.

அந்த வரிசையை மாற்றியது ஒரு சட்டம்.

1935 ஆகஸ்ட் 14 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தில் கையெழுத்திட்டார். முதுமை 65இல் தொடங்குகிறது என்று அமெரிக்க அரசு ஒரு கோடு கிழித்தது. அந்தக் காலத்தில்தான், 1929 பங்குச் சந்தைச் சரிவை முன்கூட்டியே சொன்னவர் என்று பெயர் வாங்கிய ரோஜர் பாப்ஸன், இன்னும் இருபது ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் டிரெய்லரில்தான் குடியிருப்பார்கள் என்று ஒரு ஆரூடம் சொன்னார். ஆரூடம் பலிக்கவில்லை. கோடு மட்டும் நிலைத்துவிட்டது.

சட்டம் வந்தால் உடனே கையில் காசு வந்துவிடுமா? 1940 ஜனவரி 31 அன்று முதல் மாதாந்திரக் காசோலை வெர்மான்ட் மாநிலத்தின் ஐடா மே ஃபுல்லர் என்ற அம்மையாருக்குப் போனது. தொகை 22 டாலர் 54 சென்ட். ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி 1936இல் கொண்டுவந்த ‘கிளிப்பர்’ என்ற பளபளக்கும் அலுமினிய டிரெய்லரின் விலை 1,200 டாலர். அந்த அம்மையார் ஒரு சென்ட்கூடச் செலவழிக்காமல் சேர்த்திருந்தாலும் அதை வாங்க நான்கு ஆண்டு ஐந்து மாதம் ஆகியிருக்கும். ஓய்வுக்குப் பின் வாங்கலாம் என்பது அன்றைக்கு ஏட்டுச் சுரைக்காய்.

நடுவே போர் வந்தது. ரப்பருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன், அலுமினியம் முழுக்க விமானத்துக்கு. போர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்கு வந்து குவிந்தவர்களைத் தங்கவைக்க அரசே டிரெய்லர்களை மொத்தமாக வாங்கியது. ஊர் சுற்ற வாங்கிய பெட்டியில் குடும்பங்கள் நிரந்தரமாகவே குடியேறின. போர் முடிந்ததும் வீட்டுத் தட்டுப்பாடு. அதே வாழ்க்கை தொடர்ந்தது. 1950களின் நடுவில், விஸ்கான்சினைச் சேர்ந்த எல்மர் ஃப்ரே எட்டடிக்குப் பதில் பத்தடி அகலத்தில் டிரெய்லர் கட்டத் தொடங்கியபோது தொழில் இரண்டாகப் பிரிந்தது. அகலமானது ‘மொபைல் ஹோம்’ ஆகி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. குறுகலானது ‘டிராவல் டிரெய்லர்’ என்ற பெயரோடு சாலையில் தங்கியது. 1954இல் வெளியான ‘தி லாங், லாங் டிரெய்லர்’ படத்தில் லூசில் பாலும் டெஸி ஆர்னாஸும் நடித்த பாத்திரங்கள் புதுமணத் தம்பதி. கணவர் எஞ்சினீயர், வேலை அவரை ஊர் ஊராக இழுக்கும். தேனிலவுக்கு 36 அடி நீள டிரெய்லரை வாங்கி அவர்கள் படும் பாடுதான் கதை. அந்த ஆண்டிலும் டிரெய்லர் வாங்குகிறவர் என்றால் ரசிகர்கள் மனதில் இளம் ஜோடிதான் வந்தது என்பதற்கு இது போதும்.

டிரெய்லர் வாங்கும் முடிவை ஓய்வுக்குப் பின்னுக்குத் தள்ளியது மறுபடியும் டெட்ராய்ட்தான். இம்முறை கண்காட்சிக் கூடம் அல்ல, தொழிற்சங்கம். 1949இல் மோட்டார் தொழிலாளர் சங்கம் ஃபோர்டு கம்பெனியிடம் பென்ஷன் பெற்றது: 65 வயதும் 30 ஆண்டு வேலையும் முடித்தவருக்கு, சோஷியல் செக்யூரிட்டியையும் சேர்த்து மாதம் 100 டாலர். அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் இறங்கிவந்தது. எஃகு, ரப்பர் என்று மற்ற தொழில்களும் பின்தொடர்ந்தன. மாதா மாதம் தபாலில் பணம், வேலை நேரச் சங்கு இல்லை, பிள்ளைகள் தனிக்குடித்தனம். 1956இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் நாடு முழுதும் நான்குவழிச் சாலைகள் வரத் தொடங்கின. உழைப்பாளி வர்க்கத்தில் உழைக்காமல் பயணம் போகக்கூடிய வயதானவர்கள் என்று ஒரு தலைமுறை முதன்முறையாக உருவானது.

இதை மோப்பம் பிடித்தவர் ஏர்ஸ்ட்ரீமின் நிறுவனர் வாலி பையம். 1896இல் ஆரிகனில் பிறந்தவர். விளம்பரம், பத்திரிகைத் தொழில்களிலிருந்து வந்தவர். வெறும் பெட்டியை விற்காமல் கூட்டத்தை விற்றார் என்று சொல்லலாம். 1951இல் மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் டிரெய்லர் அணிவகுப்பு ஒன்றை நடத்திச் சென்றார். 1955இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அவர் பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கியது. டிரெய்லர் தரும் நான்கு சுதந்திரங்கள் என்று அவர் எழுதிவைத்த பட்டியலில் ஒன்று, முதுமையின் தொல்லைகளிலிருந்து விடுதலை. விற்பனைக்காக எழுதியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதை அவர் கப்பலேற்றி நிரூபித்தும் காட்டினார். 1959இல் 41 டிரெய்லர்கள் கேப்டவுனிலிருந்து கெய்ரோவுக்குக் கிளம்பின. வந்தவர்களில் வேலையை முடித்துக்கொண்ட வயதானவர்கள் நிறைய. பையமுக்கே அப்போது 63. எத்தியோப்பிய மலைப்பாதைகளில் அச்சு முறிந்து, சேற்றில் புதைந்து, ஒருவர் வண்டியை மற்றவர் இழுத்து, 1960இல் பிரமிடுகளின் முன் வந்து நின்றார்கள். அந்தப் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தபின், தாத்தா பாட்டி என்றால் ஆடும் நாற்காலி என்ற பிம்பம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. பையம் 1962இல், 66 வயதில் காலமானார். 65க்குப் பின் என்று அவர் காத்திருந்திருந்தால் மெக்சிகோவும் இல்லை, ஆப்பிரிக்காவும் இல்லை.

அதே 1960இன் செப்டம்பரில் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், பிக்கப் டிரக்கின் முதுகில் ஒரு சிறு வீட்டைப் பொருத்திக்கொண்டு, நாயோடு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். வயது 58. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் உடம்பு முடியாமல் படுத்து எழுந்தவர். வண்டிக்கு டான் கிஹோட்டேயின் குதிரைப் பெயரை வைத்தார்: ரோஸினான்டே. ‘டிராவல்ஸ் வித் சார்லி’ 1962இல் வந்து விற்பனையில் உச்சிக்குப் போனது. உடம்பு எச்சரித்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று பலரை நினைக்கவைத்த நூல் அது. அவர் இறந்தது 1968இல், 66 வயதில். பையமுக்கும் அதே 66.

உடம்பு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிரெய்லர் விளம்பரங்களில் ஏரிக்கரையும் மடக்கு நாற்காலியும்தான் இருக்கும். அங்கே போய்ச் சேர்வதற்கு முன் ஒரு வேலை உண்டு. பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தபடி டிரக்கைப் பின்னோக்கி நகர்த்தி, அதன் கொக்கியில் உள்ள எஃகு உருண்டையை டிரெய்லரின் நாக்குக்குச் சரியாக அடியில் நிறுத்த வேண்டும். இரண்டு அங்குலம் தள்ளிப்போனாலும் மறுபடி முதலிலிருந்து. பிறகு ஜாக்கிக் கைப்பிடியைச் சுற்றி நாக்கை இறக்கி, பூட்டை மாட்டி, இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகக் கோத்து, விளக்குக்கும் பிரேக்குக்கும் ஏழு முனைப் பிளக்கைச் செருகி, எடையைச் சமன் செய்யும் கனத்த இரும்புப் பட்டைகளை நெம்பி ஏற்ற வேண்டும். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் நாக்கின்மேல் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். முகாமை விட்டுக் கிளம்பும்போது கழிவுத் தொட்டி. குழாயை நிலத்தடித் துளையில் பொருத்தி, முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறந்துவிட வேண்டும், பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டியை. அந்தத் தண்ணீர்தான் குழாயைக் கழுவித் தரும். வரிசை மாறினால் அன்றைய காலைச் சாப்பாடு இறங்காது. இத்தனையும் குனிந்து, மண்டியிட்டு, மழையிலும் வெயிலிலும். நாற்பது வயதில் எரிச்சல். எழுபதில் முதன்முதலாகக் கற்றுக்கொள்வதென்றால் பயம்.

ஓய்வுக்குமுன் கிளம்புவதைக் கொள்கையாகவே ஆக்கியவர்கள் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதி. ஜோ எலெக்ட்ரீஷியன், கே நர்ஸ். எங்கே போனாலும் வேலை கிடைக்கும் தொழில்கள். 1970 வாக்கில் வீட்டை விட்டுவிட்டு டிரெய்லரோடு கிளம்பினார்கள். வழியில் வேலை, பிறகு பயணம், மறுபடி வேலை. கே அதைப் பத்திரிகைகளில் எழுத, வாசகர் கடிதங்கள் குவிந்தன. 1978இல் ‘எஸ்கேப்பீஸ்’ சங்கம் பிறந்தது. டெக்சஸின் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் அதன் தலைமையகம். நிலையான முகவரி இல்லாதவர்களுக்குக் கடிதங்களை வாங்கி, அவர்கள் நிற்கும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் வேலையை அங்கே பெரும் தொழிலாகவே நடத்துகிறார்கள். முழுநேரப் பயணிகள் பலருக்கு ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது அந்த ஊர் முகவரிதான். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்பதும் ஒரு சௌகரியம்.

பீட்டர்சன் தம்பதி கிளம்பிய காலத்திலேயே இன்னொரு கதவும் திறந்தது. 1970 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸில் தொடங்கிய வேலைநிறுத்தம் 67 நாள் நீடித்தது. ‘முப்பது ஆண்டு, பிறகு வெளியே’ என்பது தொழிலாளிகளின் கோஷம். முப்பது ஆண்டு முடித்தவர் 58 வயதிலேயே மாதம் 500 டாலரோடு போகலாம் என்று ஒப்பந்தமானது. அசெம்பிளி லைனில் முதுகு ஒடிந்தவர்களுக்கு அந்த ஏழு ஆண்டு பெரிய விஷயம். மிச்சிகன் எண்தகடு மாட்டிய டிரெய்லர்கள் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் குளிர்காலத்தில் பெருகியதற்கு இந்தப் பென்ஷன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் இப்படி வருபவர்களுக்காக 1983 முதல் அரசே நீண்டகாலத் தங்கல் பகுதி ஒதுக்கியது. செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ஏழு மாதம் நிறுத்தப் பல ஆண்டுகளாக வாங்கிய கட்டணம் 180 டாலர்.

இவ்வளவு இருந்தும் 65க்கு முன் கிளம்பத் தயங்கியவர்களைத் தடுத்தது சோம்பல் அல்ல, மருத்துவச் செலவு. 1965இல் வந்த மெடிகேர் 65 வயதானவர்களுக்குத்தான். அதற்கு முன் வேலையை விட்டால் கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் போய்விடும். சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் தனியாகக் காப்பீடு எடுப்பது குதிரைக்கொம்பு. 2010இல் ஒபாமா காலத்துச் சட்டம் வந்து, 2014 முதல் ஏற்கெனவே நோய் இருப்பவரையும் மறுக்கக் கூடாது என்று ஆனபின்தான் நிலைமை மாறியது. அப்போதும் பெரும்பாலான திட்டங்கள் சொந்த மாநிலத்து மருத்துவமனைகளோடு கட்டுப்பட்டவை. ஊர் சுற்றுபவருக்கு அரைப் பயன்தான். டிரெய்லரை எப்போது வாங்குவது என்ற கேள்வியை மருத்துவக் காப்பீட்டை விடக் கறாராகத் தீர்மானித்தது வேறு எதுவும் இல்லை. ஷோரூமில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஷோரூமில் பேசுவது தவணை. 1986 வரிச் சீர்திருத்தத்துக்குப் பிறகும், படுக்கை, அடுப்பு, கழிப்பறை மூன்றும் இருந்தால் டிரெய்லரும் இரண்டாவது வீடாகக் கணக்கில் வரும். அதன் கடன் வட்டிக்கு வரிச்சலுகை கேட்கலாம். சம்பளம் வாங்கும்போதுதான் இந்தச் சலுகைக்கு மதிப்பு. ஆகவே இப்போதே வாங்கிவிடுங்கள் என்பார்கள். பத்து, பதினைந்து ஆண்டுத் தவணை, சில சமயம் இருபது. ஆனால் வீட்டைப் போல டிரெய்லர் விலை ஏறாது. கடையை விட்டு வெளியே வந்த அன்றே இறங்கத் தொடங்கிவிடும். ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டும் லீவு உள்ளவர் பெரிய டிரெய்லரை வாங்கி மீதி ஐம்பது வாரம் வாசலில் நிறுத்திவைத்தால், வரிச்சலுகையைப் போல பல மடங்கு தேய்மானத்தில் போகும்.

2008இல் இந்தத் தொழிலே படுத்துவிட்டது. நாட்டின் டிரெய்லர்களில் பெரும்பகுதியைச் செய்வது இந்தியானாவின் எல்கார்ட் வட்டாரம். 2009 பிப்ரவரியில் ஒபாமா அங்கே போய்ப் பேசியபோது வேலையின்மை 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வீட்டையும் சேமிப்பையும் பறிகொடுத்த அறுபதுகளில் இருந்தவர்கள் பலர் பழைய டிரெய்லர்களிலும் வேன்களிலும் ஏறி, கிடங்கு வேலை, சர்க்கரை எடுக்கும் பீட்கிழங்கு அறுவடை, முகாம் காவல் என்று ஊர் ஊராகப் போனார்கள். ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமட்லேண்ட்’ அவர்களைப் பற்றியது. அதையொட்டிய படம் 2021இல் ஆஸ்கார் வாங்கியது. ஓய்வுக்கு முன்பா பின்பா என்ற கேள்வி இவர்களிடம் செல்லாது. ஓய்வே இல்லாததால்தான் டிரெய்லர்.

பிறகு கொரோனா. விமானமும் ஓட்டலும் பயமான காலத்தில் எல்லோரும் டிரெய்லர் கடைக்கு ஓடினார்கள். 2021இல் தொழிற்சாலைகளிலிருந்து கிளம்பிய வண்டிகள் 6,00,240. அதுவரை காணாத எண்ணிக்கை. அவ்வாண்டில் இத்தொழில்துறையின் அமைப்பு நடத்திய ஆய்வில் இத்தகைய வாகனம் வைத்திருக்கும் குடும்பங்கள் 1 கோடியே 12 லட்சம் என்றும், 55 வயதுக்கு மேற்பட்டவரும் கீழ்ப்பட்டவரும் ஏறக்குறைய சரிபாதி என்றும் தெரிந்தது. லேப்டாப்பும் 2022இல் டிரெய்லர்களுக்கென்றே வந்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைய இணைப்பும் இருந்தால், மலையடிவாரத்தில் நிறுத்திக்கொண்டே அலுவலக மீட்டிங்கில் உட்காரலாம். பீட்டர்சன் தம்பதிக்கு எலெக்ட்ரீஷியன் வேலை தந்த சுதந்திரத்தை இப்போது மென்பொருள் வேலை தருகிறது. 2023இல் எண்ணிக்கை 3,13,174ஆக இறங்கியது. உச்ச விலையில் கடன் எடுத்தவர்களின் வண்டிகள் இரண்டாம் கைச் சந்தைக்கு வந்தன. எப்போதும்போல, அடுத்தவர் அவசரம் இன்னொருவருக்கு ஆதாயம்.

நூறாண்டுக் கதையைப் புரட்டினால் தீர்ப்பு ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. கை காலில் வலு இருக்கும்போதே, கடன் இல்லாமல், பழையதும் சிறியதுமான ஒன்றை வாங்கிக் கொக்கி மாட்டப் பழகியவர்கள் பிழைத்தார்கள். பெரிய வண்டிக்காகக் காத்திருந்தவர்களில் பலருக்கு வண்டி வந்தபோது உடம்பு வரவில்லை. தவணையில் பெரிய வண்டியை முன்கூட்டியே வாங்கியவர்களுக்கு நேரம் வரவில்லை. 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்த அமெரிக்கர்களுக்கு முழு சோஷியல் செக்யூரிட்டி கிடைக்கும் வயது இப்போது 67. மெடிகேர் 65. தேசியப் பூங்காக்களின் ஆயுள்கால முதியோர் அட்டை 62 வயதில் கிடைக்கும். 2017 ஆகஸ்டு வரை பத்து டாலராக இருந்த அது இன்று 80 டாலர். 52 வயதில் பதினைந்து ஆண்டுக் கடனில் டிரெய்லர் எடுப்பவர் கடைசித் தவணையைக் கட்டும்போது 67 வயதைத் தொட்டிருப்பார். டிரெய்லருக்கும் அப்போது பதினைந்து வயது.